புயல் அலையா, புயல் பெருக்கா?

எல்லோருக்கும் வணக்கம்.

புயலின்போது கடல் ஊருக்குள் ஏறி வருவதை ஆங்கிலத்தில் storm surge என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்றுதான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘புயல் அலை’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வேதாரண்யம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அலை, ஓதம் (கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது), நீரோட்டம் மூன்றையும் நடத்துகிறேன். புயல் அலை என்று சொன்னதுமே பிள்ளைகள் மனத்தில் வருவது, பனைமர உயரத்துக்குச் சுருண்டு எழுந்து கரையில் மோதிவிட்டு அப்படியே திரும்பிப் போகிற ஒன்று. நடப்பது அதுவல்ல. கடல்மட்டமே மொத்தமாக உயர்ந்து, தெருவுக்குள் வந்து, மணிக்கணக்கில் நிற்கிறது. அலை அந்த உயர்ந்த தண்ணீருக்கு மேலே தனியாக அடிக்கிறது. காற்று விடாமல் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுவதுதான் முதல் காரணம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மேலே வரும், அது துணைக் காரணம். ஆழம் குறைந்த கடலில் தள்ளப்பட்ட தண்ணீர் அடிவழியாகத் திரும்பிப் போக இடமில்லை, ஏறத்தான் வேண்டும்.

‘புயல் ஓதம்’ என்று இங்கே அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். அலையைவிட அது பரவாயில்லை, ஆனால் ஓதம் நிலாவும் சூரியனும் இழுப்பதால் வருவது, அதற்கு முன்கூட்டியே நாள் குறித்துவிடலாம். கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. தீபாவளி அமாவாசை கழிந்து ஒன்பது நாள், வானத்தில் அரைநிலா, ஓதம் அடங்கிக் கிடக்கிற சமயம். அதுவும் எங்கள் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்துப் புஷ்பவனம் கிராமத்தில் கடல் ஊருக்குள் புகுந்து கருஞ்சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. இதை ஓதக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அப்புறம், டெல்டாப் பிள்ளைகளிடம் ஓதம் என்றாலே மழைக்காலத்தில் சுவரில் ஏறுகிற ஈரத்தைத்தான் சொல்வார்கள். பாடத்தில் வரும் ஓதத்துக்கே நான் பாதி வகுப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் ‘புயல் பெருக்கு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காவிரிக்கரைப் பிள்ளைக்குப் பதினெட்டாம் பெருக்கு தெரியும். படித்துறையில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் முழுகடித்துக்கொண்டு மேலே வருவதைப் பார்த்த கண்ணுக்கு, கடலும் அப்படித்தான் ஏறும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘கடல் பெருகியது’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. இலங்கைத் தமிழில் ஓதத்துக்கு வற்றுப்பெருக்கு என்றே வழங்குகிறார்கள், ஆகவே கடலுக்குப் பெருக்கு என்பது புதிதும் அல்ல. ‘கடலேற்றம்’ எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் புவி வெப்பமாவதால் ஆண்டுக்கணக்கில் கடல்மட்டம் உயர்வதோடு அது குழம்பிவிடும்.

ஆடிப்பெருக்கு மங்கலமான சொல்லாயிற்றே, அழிவுக்கு வைக்கலாமா என்று கேட்பீர்கள். வெள்ளப்பெருக்கு என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். புணர்ச்சி விதிப்படி புயற்பெருக்கு என்று வரும், சரி, ஆனால் பாடநூலில் இடைவெளி விட்டுப் பிரித்தே எழுதலாம், புயல் என்ற சொல் பிள்ளையின் கண்ணில் படட்டும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘இன்றிரவு ஒரு மீட்டர் உயரத்துக்குப் புயல் பெருக்கு இருக்கும், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் வெளியேறுங்கள்.’ இதிலேயே பெருக்கை எடுத்துவிட்டு அலை என்று போட்டால், ஒரு மீட்டர் அலைதானே, தினமும் பார்க்கிறதுதானே என்று எங்கள் ஊரில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.