இஃப் வந்தால் இறந்தகாலம் ஏன் வருகிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாதிரித் தேர்வில் கூட இருந்த சார் ஒரு பெண்ணிடம், "இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ, வாட் வுட் யூ டூ?" என்று கேட்டார். அவள் நிதானமாக, "நோ சார், நோபடி ஷவுட்டட் அட் மீ" என்றாள். ஷவுட்டட் என்று காதில் விழுந்ததும், நடந்து முடிந்ததைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். இஃப் வாக்கியங்களை டைப் 1, டைப் 2, டைப் 3 என்று பிரிக்கும் அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய பெண். எனக்கு அந்த அட்டவணை மேல்தான் கோபம். எந்த வடிவம் வரும் என்று அது சொல்கிறது, ஏன் வரும் என்று சொல்வதில்லை.

அந்த ஷவுட்டட் நேற்றைக் காட்டவில்லை. 'இப்படி நடப்பதாகச் சும்மா நினைத்துக்கொள்' என்று விஷயத்தை நிஜத்திலிருந்து தள்ளி வைக்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ பற்றிய கற்பனை என்றால் வினை ஒரு படி பின்னால் போகும். நேற்றையே மாற்றிக் கற்பனை செய்தால் இன்னொரு படி போய் 'ஹேட் ஷவுட்டட்' ஆகும். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல் இவற்றை எண் போட்டு அடுக்காமல் நடக்கக்கூடியதைச் சொல்லும் திறந்த நிபந்தனை, நிஜத்திலிருந்து தள்ளி வைக்கும் தொலை நிபந்தனை என்று இரண்டாகப் பிரிக்கிறது. என் வகுப்பில் இப்போது அதுதான்.

தமிழில் 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்றால் போதும். பணம் வருமா வராதா என்பதை இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் 'இஃப் ஐ ஹேவ், ஐ வில்' என்பதா, 'இஃப் ஐ ஹேட், ஐ வுட்' என்பதா என்று பேசும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பதற்கு நம்மிடமே தனி வடிவம் உண்டு. 'ஹேட் ஷவுட்டட்' போன்ற மூன்றாம் வகையைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு எங்கே இடித்தது?

*

டீச்சர், நான் லண்டனில் நர்ஸ். இஃப் பக்கத்தில் வில் வரவே கூடாது என்று படித்துவிட்டு வந்தவள். இங்கே ஷிப்ட் மாறும்போது சீனியர் சொன்னார்: "இஃப் ஹி வோன்ட் டேக் த டேப்லட்ஸ், கால் மீ." வோன்ட் என்பது வில் நாட்தான், ஆனால் இது எதிர்காலம் இல்லை, நோயாளி மாத்திரை வேண்டாம் என்று மறுத்தால் என்று அர்த்தம். 'இஃப் ஹி டஸன்ட் டேக்' என்றிருந்தால் தூங்கிப்போனதும் அதில் சேர்ந்துவிடும். தூங்குபவரை எழுப்பிக் கொடுக்கலாம். மறுப்பவருக்கு வற்புறுத்திக் கொடுக்க முடியாது, சீனியருக்குச் சொல்ல வேண்டும். வார்டில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

*

நான் பிழை திருத்துபவன். இஃப் வந்தால் வாஸ் (was) போடாமல் வேர் (were) என்று போட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. 'இஃப் ஐ வேர் யூ' சரி, அது நடக்காத விஷயம். ஆனால் ஒருவர் மன்னிப்புக் கடிதத்தில் 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்' என்று ஒழுங்காக எழுதியிருந்தார். அவருடைய அலுவலகத்தில் யாரோ வாஸை அடித்து வேர் ஆக்கிவிட்டார்கள். நேற்று மரியாதைக் குறைவாக நடந்திருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அது நிஜமான இறந்தகாலம், அங்கே வாஸ்தான் வரும். வேர் போட்டால் 'நான் அப்படி நடக்கவில்லை' என்கிற சாயல் வந்துவிடுகிறது. மன்னிப்பு கேட்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிய சேதம்! வாஸையே திரும்பப் போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன்.