‘ரூக்கரி நூக்’ (1930): கேமரா ஏன் அசைவதில்லை?

கேள்வி: பென் டிராவர்ஸின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட இந்தப் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தில், கேமரா பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்பது ஏன்?

பதில் 1: தொடக்ககாலப் பேசும்படங்களில், கேமராவின் இரைச்சல் ஒலிப்பதிவில் கலந்துவிடாதபடி அதை ஒலிபுகாத அறைக்குள் வைத்தே படம்பிடித்ததால், நகர்த்துவது எளிதாக இருக்கவில்லை. மேலும், லண்டன் ஆல்ட்விச் அரங்கில் 1926-இல் இந்நாடகத்தை மேடையேற்றிய டாம் வால்ஸே படத்தையும் இயக்கினார். ரால்ப் லின், ராபர்ட்சன் ஹேர் உள்ளிட்ட மேடைக் குழுவினரே திரையிலும் நடித்தனர். அதனால் மேடை நாடகத்தை ஒரே இருக்கையிலிருந்து பார்ப்பது போலவே படமும் அமைந்தது.

பதில் 2: அதை நான் குறையாகக் கருதவில்லை. மாற்றாந்தந்தைக்கு அஞ்சி இரவு உடையிலேயே ஓடிவந்த பெண்ணை, உறவினர் கண்ணில் படாமல் மறைக்கத் தவிக்கும் புதுக்கணவனின் கதையில், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதே நகைச்சுவை. அதற்கு முழு அறையும் கண்ணில் பட வேண்டும்.

கேட்டவர்: இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, மீண்டும் பார்க்கிறேன்.