நடுவட்டம் சிறையில் இருந்த சீனர்கள் அபினிப் போர்க் கைதிகளா?

கூடலூர்ப்பாதை கேட்டது:

வணக்கம். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்குகிற வழியில் நடுவட்டம் பழைய சிறையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். "அபினிப் போரில் பிடிபட்ட சீன வீரர்களை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து அடைத்தான், அவர்கள்தான் நமக்குத் தேயிலை கற்றுக்கொடுத்தார்கள்" என்றுதான் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த அந்தப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை 1842. இங்கே, மலேரியாவுக்கான கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத் தோட்டம் வந்ததோ 1860-களில். நடுவே இருபது வருடம் இடிக்கிறதே? எதைச் சொல்லலாம், எதை விட்டுவிட வேண்டும்?

பைக்காரா:

இடிக்கிறது என்று பிடித்தீர்களே, அதுதான் முக்கியம். அவர்கள் போர்க் கைதிகள் இல்லை, நீதிமன்றம் தண்டித்த குற்றவாளிகள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே போதுமான சிறை இல்லாததால் மதராஸ் அரசிடம் அனுப்பினார்கள் என்று 1908-ல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியரே (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு) சொல்கிறது.

அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் இங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1867 ஏப்ரல் 1 வரை அந்த மூன்று ஊர்களும் லண்டனுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவை அல்ல, இந்திய அரசின் கீழ் இருந்தவை. ஆகவே இது ஒரே அரசின் ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றுகிற வேலை. எதிர்த்திசையிலும் ஆள் போனார்கள். இந்தியக் கைதிகளைக் கடல் தாண்டி சிங்கப்பூருக்கு அனுப்பி வேலை வாங்கினார்கள், அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதே இந்தியக் கைதிகள்தான். சொந்த மண்ணும் சாதிசனமும் எட்டாத இடத்தில் வைப்பதுதான் தண்டனையின் பாதி.

இங்கே அவர்களுக்கு வாய்த்தது சிங்கோனா தோட்ட வேலை. 1860-களில் ஒரு புயல் இரவில் பன்னிரண்டு பேர் தப்பி, இரண்டு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டார்கள். தேடிப் போன காவலர்களில் நால்வர் மலபாருக்கு இறங்கும் சிஸ்பாரா மலைப்பாதையில் வாலக்காட்டு அருகே கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆவணப்பித்தன்:

பைக்காரா சொன்னதோடு நிறுத்தினால் அபினிப் போருக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும். சம்பந்தம் உண்டு, ஆனால் திசை வேறு. அந்தப் போரால் சீனர் இங்கே வரவில்லை, நம்மவர் அங்கே போனார்கள். மதராஸ் 37-வது காலாட்படை 1841 ஜனவரியில் சுவான்பி கோட்டைத் தாக்குதலில் இருந்தது. மே மாதக் கடைசியில் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவுக்கு வடக்கே, சான்யுவான்லி கிராமத்துப் பக்கம், அந்தப் படையின் ஒரு சிறு பிரிவு, சுமார் 60 பேர், கொட்டும் மழையில் வழி தவறி ஆயிரக்கணக்கான கிராமத்தாரிடம் மாட்டிக்கொண்டது.

அவர்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறி, வெளியே திறந்த கிண்ணியில் கொட்டிய மருந்தில் விழ வேண்டும். மழையில் அந்த மருந்து கூழானால் வெடிக்காது, உள்ளே குழலில் மருந்து காய்ந்திருந்தாலும் பயனில்லை. சதுரமாக நின்று துப்பாக்கி முனைக் கத்தியால்தான் தாக்குப்பிடித்தார்கள். இருட்டிய பிறகு அவர்களை மீட்ட கடற்படை வீரர்களிடம் செப்புத் தொப்பி வைத்த புதுத் துப்பாக்கி இருந்தது. தொப்பிக்குள் மருந்து மூடியிருப்பதால் அதே மழையிலும் சுட்டது. ஒரே படையில் வெள்ளை வீரனுக்குப் புதுசு, சிப்பாய்க்குப் பழசு. இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சான்யுவான்லியை மக்கள் எழுச்சி என்று இன்றும் சீனாவில் கொண்டாடுகிறார்கள். எதிரே நின்றவர்களில் மதராஸ் சிப்பாய்களும் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

போர்க் கைதி என்றே பேச வேண்டுமென்றால் உண்மையான கதை தைவானில் இருக்கிறது. நெர்புதா என்ற போக்குவரத்துக் கப்பல் 1841 செப்டம்பரில் அங்கே தரை தட்டியது. கேப்டனும் ஐரோப்பியர்களும் படகில் இறங்கிப் போய்விட்டார்கள். கப்பலில் விடப்பட்ட 240 இந்தியர்கள் பெரும்பாலும் படைக்குப் பணியாட்களாகப் போனவர்கள். 1842 மார்ச்சில் ஆன் என்ற இன்னொரு கப்பலும் உடைந்தது. இரண்டிலுமிருந்து பிடிபட்டவர்களில் 200 பேருக்கு நெருக்கமாக அந்த ஆகஸ்டில் தலை வெட்டப்பட்டார்கள். அதே மாதம் 29-ம் தேதி கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கையின் எட்டாவது பிரிவு, சீனாவில் அடைபட்ட பிரிட்டிஷ் பிரஜைகள் "ஐரோப்பியரானாலும் இந்தியரானாலும்" விடப்பட வேண்டும் என்கிறது. இவர்களுக்கு அது உதவவில்லை.

குந்தா:

தேயிலை விஷயம். சிறைக்கும் முன்னாலேயே செடி வந்துவிட்டது. 1833 சட்டத்தால் சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் போயிற்று. மறுவருடமே கவர்னர் ஜெனரல் பென்டிங்க், இந்தியாவில் தேயிலை வளர்க்க ஒரு குழு போட்டார். 1835-ல் நீலகிரியில் உள்ள கேத்தி பண்ணைக்குச் செடிகள் வந்தன, பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கவனித்துக்கொண்டார். சிறையில் இருந்த சீனர் சிலர் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். "கற்றுக்கொடுத்தார்கள்" என்று அடித்துச் சொல்ல வேண்டாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்துவது புஜியான், அன்ஹுய் மலைக்காரர் தொழில். சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கூடலூர்ப்பாதை:

மூவருக்கும் நன்றிங்க. ஒன்று மட்டும் பாக்கி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் "அவ்வளவு பழைய போரைச் சீனா ஏன் இன்னும் பேசுது" என்று கேட்கிறார்கள். சுருக்கமாக என்ன சொல்ல?

பைக்காரா:

தோற்றதைவிட அதற்குப் பிறகு எழுதிய உடன்படிக்கைகள்தான் காரணம். மூன்று விஷயம் போதும். இறக்குமதி வரியைத் தன்னிஷ்டப்படி உயர்த்தும் உரிமை சீனாவுக்கு இல்லை, சுமார் 5 சதவீதத்தில் கட்டிப்போட்டார்கள். அந்த உரிமை முழுதாகத் திரும்பியது 1930-ஐ ஒட்டித்தான். அடுத்து, 1843-லிருந்து சீன மண்ணில் குற்றம் செய்த ஆங்கிலேயனைச் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகை பிரிட்டனுக்கும் தானாகப் போய்ச்சேரும் என்ற பிரிவு. 1844-ல் அமெரிக்காவும் பிரான்சும் இதையே எழுதி வாங்கின. அதன்பின் எவன் எதைப் பிடுங்கினாலும் எல்லாருக்கும் பங்கு. ஒருவனைக் காட்டி இன்னொருவனைத் தடுக்கும் வழியே சீனாவுக்கு அடைபட்டது.

ஹாங்காங்கில் எல்லாரும் சறுக்குவார்கள். 1842-ல் தீவும் 1860-ல் கவுலூனும் கொடுத்தது நிரந்தரமாக. 99 வருடக் குத்தகை என்பது 1898-ல் சேர்த்த புதிய பகுதிகளுக்கு மட்டும். நிலத்தில் பெரும்பகுதி அதுதான். அது போனால் மீதியை வைத்துக் காலம் தள்ள முடியாது என்பதால்தான் 1984-ல் பேசி, 1997-ல் மொத்தமாகத் திருப்பினார்கள்.

இன்னொன்று. தன் குடிமக்களைச் சீனச் சட்டத்துக்கு வெளியே வைத்த அந்த உரிமையை பிரிட்டனும் அமெரிக்காவும் கைவிட்டது 1943 ஜனவரியில், அன்று சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக் அரசோடு செய்த ஒப்பந்தத்தில். கம்யூனிஸ்ட் கட்சியோ, அபினிப் போரில் தொடங்கிய "அவமான நூற்றாண்டு" முடிந்தது தான் ஆட்சிக்கு வந்த 1949-ல் என்று எண்ணுகிறது. ஏன் அந்த வருடத்தைப் பிடித்தார்கள் என்று பிள்ளைகளையே யோசிக்கவிடுங்கள். அதில்தான் இன்றைய அரசியல் இருக்கிறது.

ஆவணப்பித்தன்:

நேரில் பார்க்க ஆசை இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதராஸ் நீதித்துறை நடவடிக்கைகளைக் கேளுங்கள். முதலில் அந்தந்த வருடத்துப் பொருளகராதித் தொகுதி (இண்டெக்ஸ்), பிறகுதான் ஆவணக் கட்டு. சீனர் என்ற தலைப்பில் கிடைக்காவிட்டால் நீரிணைக் குடியேற்றங்கள், நாடுகடத்தல், சிங்கோனா என்று மாற்றித் தேடுங்கள். ஆள் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, ஒரே ஆள் மூன்று பெயரில் வருவான். இன்னொரு சிக்கல்: நீலகிரி 1868-ல்தான் கோயம்புத்தூரிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய வருடங்களுக்கு நீலகிரி என்று கேட்டால் கட்டு வராது, கோயம்புத்தூர் மாவட்டம் என்று எழுதிக்கொடுங்கள்.