சீழ்க்கை முள்மரமும் எறும்புகளும்: ஒரு விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். கென்யாவின் லைக்கிப்பியா புல்வெளிகளில் வளரும், வேல மரத்துக்கு உறவான சீழ்க்கை முள்மரத்தைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அடிப்பகுதி நெல்லிக்காய் போல் பருத்து உள்ளே பொள்ளலாக இருக்கும் அதன் முட்களில் எறும்புகள் குடியிருக்கின்றன. அவை இட்ட துளைகளில் காற்று புகும்போதுதான் மரம் சீழ்க்கையடிக்கிறது. இலையடியில் சுரக்கும் தேனுக்கு ஈடாக, கிளையைத் தொடும் யானையின் துதிக்கைக்குள்ளேயே புகுந்து கடிக்கும் காவலாளிகள் அவை!

யானை, ஒட்டகச்சிவிங்கி முதலியவற்றை வேலியிட்டுப் பத்தாண்டுகள் தடுத்தபோது, மரங்கள் தேனையும் பருத்த முட்களையும் குறைத்துக்கொண்டன என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேய்ச்சல் நின்றுபோனதை மரம் எவ்வாறு உணர்கிறது என்பதே என் ஐயம். தாவர உடலியங்கியல் கற்றவர்கள் மாணவர்களுக்குப் புரியும்படி விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பிளந்த முள்ளின் உட்புறத்தைக் காட்டும் படம் எவரிடமேனும் இருந்தால், எடுத்தவர் பெயரோடு பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன்.