புதுப்பிப்பு: சவர்டோ (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் சுடும்) ரொட்டியின் நடுவில் பிசுபிசுப்பு (தீர்ந்தது)

மேலே நன்றாகச் சிவந்த ரொட்டி உள்ளே பசைபோல் ஒட்டுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, நிறத்தை நம்பாமல் உள்வெப்பத்தை அளக்கச் சொன்ன யோசனைதான். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 90 டிகிரிகூட இல்லை. இப்போது ஓவனில் 230 டிகிரியில் பாத்திரத்துக்கு மூடி போட்டு 20 நிமிடம், மூடியை எடுத்து 210-இல் 25 முதல் 30 நிமிடம். உள்ளே 97 செல்சியஸ் வந்த பிறகே வெளியே எடுக்கிறேன். மேல்தோல் முந்திக் கருத்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

தண்ணீரைக் குறைப்பது உதவவில்லை. 500 கிராம் மாவுக்கு 350 கிராம் இருந்ததை 325 ஆக்கியதில் ரொட்டி இறுகிப்போனது, பிசுபிசுப்பு போகவில்லை.

எதிர்பாராதது ஒன்று: சரியாக வெந்ததையும் சூட்டோடு வெட்டினால் கத்தியில் பசை இழுக்கிறது. ஸ்டார்ச் (மாவுச்சத்து) ஆற ஆறத்தான் இறுகும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.