மறு: துணைத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல்: விமானத்தின் துணைத் தொட்டியில், அதாவது முதன்மைத் தொட்டி போகக் கூடுதலாக இருக்கும் எரிபொருள் தொட்டியில், புகுந்து நிற்கும் தண்ணீருக்குத் தமிழில் என்ன பெயர்? அதற்குள் பதினோரு மடல்கள்! இரவு வேலை முடிந்து, சுபாங் விமான நிலையத்தில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். வரிசையாகப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "நீர் மாசு" என்றே வைத்துக்கொள்ளலாமே. பாடநூலில் உள்ள சொல்தானே.

பாடநூலில் இருப்பதுதான் சிக்கல், ஐயா. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பையனிடம் "நீர் மாசு" என்றால் கிள்ளான் ஆற்றைத்தான் நினைப்பான். அங்கே கெட்டுப்போவது தண்ணீர். இங்கே கெடுப்பதே தண்ணீர்.

> அப்படியானால் "நீர்க் கலப்படம்"?

கலப்படம் என்றால் ஒரு பால்காரர் வேண்டும். யாரோ தெரிந்தே செய்த வேலை அது. இறக்கையில் ஏறி யாரும் குடத்தைக் கவிழ்க்கவில்லை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும், சாயங்கால மழை உள்ளே இறங்கியிருக்கும். அல்லது பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று இரவில் வேர்த்திருக்கும்.

"கலப்பு" என்று மட்டும் சொன்னாலும் தவறுதான். தண்ணீரும் பெட்ரோலும் கலப்பதில்லை. விமானப் பெட்ரோல் 1 லிட்டர் ஏறக்குறைய 0.72 கிலோ, தண்ணீர் 1 கிலோ. அதனால் தண்ணீர் அடியில் போய் உட்காரும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடிப்பக்கம்தான் உறிஞ்சுகிறது. துணைத் தொட்டியைப் பலர் மேலே ஏறிய பிறகுதான் திறப்பார்கள். தரையில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் நடுவானில் இருமினால் விமானிக்கு எப்படி இருக்கும்!

எங்கள் பட்டறையில் மலாய்த் தோழர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. "மாசுக் ஆயர்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். மண்டை கொஞ்சம் கழன்றவனைக் கேலி செய்யவும் அதே சொல்தான்.

> அடிமண்டி, அடிவண்டல் போல "அடிநீர்" எனலாம்.

பினாங்கு ஆசிரியை அக்கா, படித்ததும் பிடித்துப்போன சொல் இது. தண்ணீர் எங்கே இருக்கும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. நிலத்தடி நீரோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இறக்கைக்குள் யாரும் கிணறு வெட்டப் போவதில்லை, விடுங்கள்.

ஆனால் எனக்கு வேறு ஒரு தயக்கம் இருக்கிறது. அதைச் சொல்ல, போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பழைய இரட்டை எஞ்சின் விமானம். தொட்டிக்குள் ரப்பர்ப் பை வைத்த வகை. மாதம் ஒரு முறை பறக்கும், அதுவும் முதன்மைத் தொட்டியில் மட்டும். துணைத் தொட்டிகளை யாரும் தொடுவதில்லை. இடப்பக்கத் துணைத் தொட்டியை அடியிலிருந்து ஒரு குவளையில் வடித்துப் பார்க்கப் பட்டறைத் தம்பியை அனுப்பினேன். குவளையைத் தூக்கிக் காட்டி, "பளிச்சுன்னு இருக்குண்ணே, கோடே இல்ல" என்றான். தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்து இருந்தால்தானே இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியும்? குவளை முழுக்கத் தண்ணீர்! நாங்கள் ஊற்றும் 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருக்கும். நீலம் தெரியவில்லை என்றால் அது பெட்ரோலே இல்லை. வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். தாளில் ஒரு சொட்டு விடச் சொன்னேன். பெட்ரோல் என்றால் பறந்துவிடும், இது அப்படியே நின்றது. கையில் விட்டுப் பார்க்கப் போனான், தடுத்தேன். அந்தப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது.

நீலம் வரும்வரை வடித்தோம். "அடிநீர் போச்சு" என்று எழுதி முடித்திருக்கலாம். மறுநாள் இறக்கை நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிவிட்டு, சற்று நேரம் விட்டு வடித்தால் மறுபடி அரைக் குவளை. பையைப் பிடித்திருக்கும் பட்டன்கள் இரண்டு கழன்று, ரப்பர் மடிந்து கிடந்தது. அந்த மடிப்புக்குள் தண்ணீர் ஒளிந்திருந்தது. வடிகுழாய் வரை அது வரவே இல்லை. பட்டன்களை மாட்டி, மூடி வளையத்தை மாற்றி, இரண்டு மழைக்குப் பிறகு பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

ஆகவே அக்கா, ஒரு சொல் போதாது. வடித்தால் வருவது அடிநீர். மடிப்பிலோ, சரிவில் நிறுத்திய விமானத்தில் தொட்டியின் மூலையிலோ சிக்கி நிற்பதற்கு நான் "பதுங்குநீர்" என்று வைக்கிறேன். இரண்டு பெயர் இருந்தால்தான், "அடிநீர் இல்லை, பதுங்குநீர் பார்த்தியா?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் சொல்லே.

எரிபொருள் ஊற்றியதும் கலங்கி மிதக்கும் நுண்துளிகள் தனி. பெட்ரோலில் 1 அடி ஆழத்துக்கு 15 நிமிடம் பொறுத்தால் அடிநீராகிவிடும். அதற்குப் பெயர் தேவையில்லை, பொறுமைதான் தேவை. பெட்ரோலில் மிகச் சிறிதளவு கரைந்திருக்கும் நீர் குளிரில் பிரிந்து வருவதற்கு "பிரிநீர்" என்று ஒருவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன்.

> துணைத் தொட்டி இறக்கையின் வெளிப்பக்கம் இருப்பதால் "புறத்தொட்டி"?

எல்லா விமானத்திலும் அப்படி இல்லை, தம்பி. செஸ்னா 310-இல் இறக்கை நுனியில் இருப்பதுதான் முதன்மைத் தொட்டி. துணை உள்ளே இருக்கிறது. இடத்தை வைத்துப் பெயர் வைத்தால் ஒருநாள் பையன் தப்பான குழாயைத் திருகிவிடுவான். "துணைத் தொட்டி" இருக்கட்டும். வீட்டில் நாங்கள் "தாங்கி" என்றுதான் சொல்வோம், அதற்காகச் சண்டை போட மாட்டேன்.

மிச்சம் ஒன்றுதான். தொட்டியின் ஆகத் தாழ்ந்த இடம், தண்ணீர் வந்து சேரும் அந்தக் குழிவு. "சம்ப்" என்றால் சென்னை நண்பர்கள் வீட்டு வாசலில் இருக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை நினைக்கிறார்கள். "வடிகுழி" என்று இருவர் எழுதினீர்கள். சாக்கடை வாடை அடிக்கிறது. ஆற்றில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு "மடு" என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே, அது பொருந்துமா? பசுவின் மடியோடு சேர்த்துச் சிரிப்பார்களோ என்றுதான் யோசனை.

புதன்கிழமை அதே விமானத்தின் வலப்பக்கத் துணைத் தொட்டியைத் திறக்கிறோம். அதற்குள் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் பலகையில் எழுதிவிடுவேன். இல்லாவிட்டால் பையன்களுக்கு இந்த முறையும் "சம்ப்"தான்.