விழாவில் பார்க்கும் பேய்ப்படங்கள், சின்னப் படங்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

மார்த்தாண்டம் பார்வையாளன் கேட்டது:

வணக்கம். வர்ற டிசம்பர்ல திருவனந்தபுரம் ஐ.எஃப்.எஃப்.கே.வுக்கு (கேரள சர்வதேசத் திரைப்பட விழா) டெலிகேட் பாஸ் எடுக்கலாம்னு இருக்கேன். பெரிய இயக்குநர்களைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்கு ஆசை எல்லாம் பேர் தெரியாத ஊர்ப் பேய்ப்படங்கள் மேலயும், கைக்காசு போட்டு எடுத்த சின்னப் படங்கள் மேலயும்தான். படத்துக்கு 300, 400 வார்த்தையில தமிழ்ல எழுதணும்.

ஒரே நாள்ல நாலு படம் பார்த்தா காட்சிகள் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். இருட்டுல குறிப்பு எடுக்கிறது எப்படி? கதையை எந்த இடம் வரை சொல்லலாம்? ‘பயமா இருந்துச்சு’, ‘பயமே இல்ல’ இந்த ரெண்டையும் தாண்டி என்ன எழுதணும்? ஒண்ணுமே நடக்காத மாதிரி நகர்ற படங்களை என்ன செய்ய? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

நாஞ்சில் திரைநோட்டு:

தம்பி, முதல்ல குறிப்பு விஷயம். போனை வெளியே எடுக்கவே கூடாது. வெளிச்சத்தை எவ்வளவு குறைச்சாலும் பின்வரிசைக்காரர் கண்ணுல அடிக்கும். உங்க கண்ணும் மறுபடி இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இருட்டை நம்பி எடுத்த படத்துல அதுக்குள்ள ஒரு காட்சி போயிரும்.

கோடு போடாத சின்ன பாக்கெட் நோட்டு, பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா வேண்டாம், மை காயறதுக்குள்ள பக்கத்தைப் புரட்டினா எழுத்து இழுகிரும். பக்கத்துக்கு ஒரே குறிப்பு, பெரிய எழுத்து. இருட்டுல எல்லாருக்கும் வர்ற தொல்லை, எழுதின வரி மேலயே அடுத்த வரி ஏறிக்கிடக்கிறது. இடது பெருவிரலை வரி தொடங்கின இடத்துல வச்சுக்கிட்டு அதுக்குக் கீழே எழுதினா ஏறாது.

குறிப்புல கதை எழுதாதீங்க, அது விழா கையேட்டுலயே இருக்கு. படத்துல மட்டும் கிடைக்கிறதை எழுதுங்க. ‘கதவு பாதி திறந்திருக்கு. அம்மா குரல் வலப்பக்கம். கட் இல்ல, 40 வரை எண்ணியாச்சு.’ இப்படி இருந்தா மறுநாள் அந்தக் காட்சி அப்படியே எழும்பி வரும். ‘அருமையான காட்சி’ன்னு எழுதி வச்சா எந்தக் காட்சின்னே தெரியாது.

படம் முடிஞ்சதும் டீக்குப் போறதுக்கு முந்தி அஞ்சு வரி: முதல் பிம்பம், பயம் தொடங்கின இடம், காதுல நிக்கிற சத்தம், முடிவு, விளங்காத ஒண்ணு. அடுத்த படம் தொடங்கிட்டா இதை மீட்கறது கஷ்டம். ரயில்ல திரும்பறவங்களுக்கு, உங்க ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன் குழித்துறை வரைக்கும் கிடைக்கிற நேரம் ஒரு முதல் வரைவுக்குப் போதும். நள்ளிரவுக் காட்சி பார்க்கணும்னா தங்க இடம் பார்த்துட்டுப் போங்க.

ஒரு கண்டிப்பு: மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற படத்துல கண்ணசந்துட்டா அந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதக்கூடாது. விழாவுல ஒரே படத்தை ரெண்டு மூணு தடவை போடுவாங்க. இன்னொரு காட்சிக்கு இடம் பிடிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.

குளச்சல் ஒலிப்பிரியன்:

பயம் எப்படி வேலை செய்யுதுன்னு எழுதணும்னா காதுலதான் தொடங்கணும்.

பேய்ப்படத்துல ரெண்டு வகை வேலை நடக்குது. ஒண்ணு தூக்கிவாரிப் போடறது. அதோட கட்டுமானம் எல்லா நாட்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். முதல்ல பின்னணி ஓசைகள், அதாவது காத்து, பூச்சி, மின்விசிறி எல்லாம் மெல்ல வடியும். சில விநாடி வெறும் அமைதி. பாத்திரம் ஒரு பக்கம் பார்க்கும், அங்க ஒண்ணும் இருக்காது. மூச்சு விட்டதும் மறுபக்கத்துல இருந்து உச்ச சத்தம். அது பேயா பூனையாங்கிறது அப்புறம்தான். இந்த உத்தி எத்தனை தடவை வருது, அதுல எத்தனை தடவை கதைக்குள்ள காரணம் இருக்குன்னு கணக்கெடுங்க. பத்து அதிர்ச்சியில ஏழு வெறும் பூனைன்னா, அதுவே உங்க விமர்சனத்துல ஒரு பத்தி.

ரெண்டாவது வகை, நெஞ்சுல மெல்ல ஏறுற கிலி. அதுக்கு அடித்தளம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. திரையரங்கத்துல தாழ்ந்த ஒலிக்குன்னே இருக்கிற பெரிய ஒலிபெருக்கி, அதாவது சப்வூஃபரோட தனித்தடம் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை செய்யும். காதுல கேட்கறதைவிட நாற்காலியில, நெஞ்சுக்கூட்டுல தெரியும். அது எப்ப தொடங்குது, எப்ப நிக்குதுன்னு கவனிச்சா இயக்குநர் எந்த இடத்துல இருந்து உங்களைப் பிடிச்சாருன்னு விளங்கிரும்.

இதுல அரங்கம் ரொம்ப முக்கியம். 2022 விழாவுல இந்தோனேசியாவோட ஜோகோ அன்வர் இயக்கிய ‘சாத்தான்ஸ் ஸ்லேவ்ஸ் 2’ நிசாகந்தியில நள்ளிரவுக் காட்சியா போச்சு. நிசாகந்தி திறந்தவெளி. சுவர் இல்லாததால தாழ்ந்த ஒலி பரவிக் கரைஞ்சிரும். நகர வெளிச்சம் படறதால கறுப்பு முழுக் கறுப்பா நிக்காது. அந்தப் படத்துல பாதிக்கு மேல மின்சாரம் போன அடுக்குமாடிக் கட்டடம். மின்னல், தீக்குச்சி வெளிச்சத்துலதான் ஆட்களையே பார்க்கணும். இப்படிப்பட்ட படத்தை வெளியில உட்கார்ந்து பார்த்துட்டு ‘ஒளிப்பதிவு மங்கல்’னு எழுதினா அது ஒளிப்பதிவாளருக்குச் செய்ற அநியாயம். மூடின அரங்கத்துல இன்னொரு காட்சி இருந்தா அதைப் பாருங்க, இல்லன்னா எங்க பார்த்தீங்கன்னு ஒரு வரி சேர்த்திருங்க.

ஆயிரக்கணக்கான பேர் கூடி இருந்து கத்திக் கைதட்டினதை வச்சும் படத்தை எடை போடக்கூடாது. கூட்டத்தோட பார்க்கும்போது அதிர்ச்சி பெருகும், கிலி குறையும். வீட்டுல ஒத்தையில பார்க்கப் போற வாசகருக்கு நேர் எதிரா இருக்கும்.

கொல்லங்கோடு வாசகி:

நாஞ்சில் அண்ணன் குறிப்புல கதை வேண்டாம்னு சொன்னது சரி. விமர்சனத்துல கதையை விட்டுரக்கூடாது. இந்தப் படங்கள்ல பாதி நம்ம ஊர்த் திரையரங்குக்கு வரவே வராது, ஓடிடியிலயும் சிலது வராது. உங்க 400 வார்த்தைதான் அந்தப் படத்தைப் பத்தித் தமிழ்ல இருக்கப் போற ஒரே எழுத்தா இருக்கலாம். யார், எந்த இடம், அவங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது, இவ்வளவும் சொல்லணும். எல்லை, முதல் இருபது இருபத்தஞ்சு நிமிஷம். முடிவைப் பேசியே ஆகணும்னா தனிப் பதிவு போட்டு, தலைப்புலயே எச்சரிக்கை கொடுத்துருங்க. ‘கடைசியில ஒரு பெரிய திருப்பம் இருக்கு’ன்னு சொல்றதும் கெடுக்கிறதுதான்; வாசகர் படம் முழுக்க அதையே தேடிக்கிட்டிருப்பார்.

அடுத்து, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க கவனிக்க வேண்டியது. பழிவாங்கற யட்சியான கள்ளியங்காட்டு நீலி கதையையும் மாடன் கொடை வில்லுப்பாட்டையும் கேட்டு வளர்ந்த காது நமக்கு. வெளிநாட்டுப் பேயைப் பார்த்ததும் ‘நம்ம யட்சி மாதிரி’ன்னு எழுதக் கை துடிக்கும். அவசரப்படாதீங்க. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு சட்டம் உண்டு: எங்க வரும், எதுக்கு வரும், எப்படிப் போகும். இந்தோனேசியாவுல பொச்சோங்னு ஒண்ணு. கஃபன் துணியில, அதாவது இஸ்லாமிய முறைப்படி பிணத்துக்குச் சுத்துற துணியில, சுத்தி முடிச்சுப் போட்ட உடல். அடக்கம் செய்யும்போது முடிச்சை அவிழ்க்காம விட்டா அது அலையும்ங்கிறது அங்க உள்ள நம்பிக்கை. யட்சிக்கு வஞ்சம், பொச்சோங்குக்குக் கட்டு. இது தெரியாம எழுதினா, அவிழாத ஒரு முடிச்சைக் காமிரா ஏன் அவ்வளவு நேரம் காட்டுதுன்னே பிடிபடாது.

பேயே இல்லாத பேய்ப்படமும் உண்டு. சனல்குமார் சசிதரன் இயக்கிய ‘எஸ் துர்கா’ 2017ல நெதர்லாந்தோட ராட்டர்டாம் விழாவுல முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கின படம். ராத்திரி ரோட்டுல ஒரு ஜோடி, லிஃப்ட் கொடுக்கிற ஒரு வேன், அவ்வளவுதான். இறங்குறதா ஏறுறதாங்கிற கேள்வியே கிலி. இடையிடையே கோயில்ல ஆளைத் தூக்கித் தொங்கவிடுற ‘தூக்கம்’ங்கிற சடங்கு வருது, முதுகுல கொக்கி குத்தித் தொங்குறாங்க. எங்க ஊர் பங்குனி பரணித் தூக்கத்துல தூக்கக்காரர் குழந்தையை ஏந்திக்கிட்டு ‘வில்’லுங்கிற நீண்ட மரத்துல தொங்கிப் போவார், அது குழந்தைக்கான நேர்ச்சை. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதினா ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் கோபம் வரும், நியாயமான கோபம்.

மார்த்தாண்டம் பார்வையாளன்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்மாரே. ஸ்டார் போடணுமா? மெதுவான படங்களைப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

தோவாளை சினிமா:

ஸ்டார் வேண்டாம். சில லட்சத்துல எடுத்த முதல் படத்துக்கும் பல கோடிப் படத்துக்கும் ஒரே அளவுகோல் பிடிச்சா சின்னதுதான் அடிபடும். அதுக்காகக் குறையை மறைக்கணும்னு இல்ல. காசு இல்லாததால வந்த குறை வேற, யோசிக்காததால வந்த குறை வேற. வெளிச்சம் போதாதது முதல் வகை. ஒரே வசனத்தை மூணு பேர் மூணு இடத்துல சொல்றது ரெண்டாவது வகை.

மெதுவான படத்துக்கு ‘பொறுமை வேணும்’னு எழுதறது வாசகருக்கு எந்த உதவியும் செய்யாது. அந்த நேரத்துக்குள்ள என்ன மாறுதுன்னு எழுதுங்க. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லைப் பாருங்க, 2021ல ராட்டர்டாம் டைகர் விருது வாங்கின படம். அப்பன் முன்னால, மகன் பின்னால, வெயில்ல நடை. கதைன்னு கேட்டா இதுதான். நடக்கும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம் கூடிக் குறையுறதுலதான் படமே இருக்கு. அதைக் கண்டுபிடிச்சு எழுதறவர்தான் விமர்சகர். பிடிபடலன்னா, மெதுவா இருக்கிறதுக்குக் காரணம் தெரியலன்னு நேரடியா எழுதுங்க, அதுவும் நேர்மையான விமர்சனம்தான்.

பலர் விடுற ஒண்ணு: எந்தப் பிரதியைப் பார்த்தீங்கங்கிறது. விழாவுல தணிக்கைச் சான்று இல்லாமலே திரையிட மத்திய அரசு விலக்கு கொடுக்குது. வெளியீட்டுக்கு வரும்போது அதே படம் வெட்டுப்பட்டு வரலாம், இயக்குநரே சுருக்கியும் இருக்கலாம். அதனால விழாவுல ஓடின நிமிஷம், பார்த்த தேதி, அரங்கம் மூணையும் பதிவோட அடியில போடுங்க. திரையோட ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தா புரொஜெக்டர் கோளாறுன்னு எழுதிராதீங்க. கிட்டத்தட்டச் சதுரமான 4:3 சட்டத்துல எடுக்கிற இயக்குநர்கள் இப்ப நிறைய, பேய்ப்படத்துல ஆளைச் சட்டத்துக்குள்ள அடைக்கவே அதைப் பயன்படுத்துறாங்க.

இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர், மூணு பேர் பேரும் கட்டாயம் இருக்கணும். முடிவுப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்திரிச்சா ஒலிக்காரர் பேர் போயிரும், விழாக் கையேட்டுல பெரும்பாலும் அது இருக்காது. திரையைப் போன்ல படம் பிடிச்சுப் பதிவுல போடாதீங்க, விழாத் தளத்துல கொடுத்திருக்கிற ஸ்டில் போதும்.